இறங்குகிறேன், ஏறிவிட்டேன்

எங்கள் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் பாதி சிவப்பும் பாதி பச்சையுமாக ஒரு பலகை, பலகையில் வரிசையாகச் சாவிகள், மேசைமேல் கறுப்புப் போன். அந்த நாற்காலி என் மாமியாருடையது. நகரத்தில் எங்கே லிப்ட் நின்றாலும் அந்தப் போன் அடிக்கும். அத்தை எடுப்பார், கேட்பார், எங்கள் மெக்கானிக்குகளில் ஒருவரை அனுப்பிவைப்பார். மாமா இந்தப் பழுதுபார்க்கும் தொழிலை ஆரம்பித்த நாளிலிருந்து இப்படித்தான். நான் கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டில் யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்று நோட்டம் விட்டேன். எல்லோரும் அந்தப் போனுக்குத்தான் பயந்தார்கள்.

பயப்படக் காரணம் இருந்தது. லிப்ட் ஏறி இறங்கும் நீண்ட இருட்டைக் கிணறு என்பார்கள் மெக்கானிக்குகள். கிணற்றின் அடியில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் ஆள் இறங்கி நின்றுதான் பாதி வேலைகளைச் செய்ய வேண்டும். மெயின் சுவிட்சோ மொட்டை மாடி அறையில். கீழே ஆள் நிற்கும்போது மேலே எவனாவது சுவிட்சைப் போட்டான் என்றால் கதை முடிந்தது. குடியிருப்பவர்கள் எல்லோரும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்ட அவசரக்காரர்கள். ஆகவே மாமா ஒரு சட்டம் வைத்தார்: சொல்வது ஒரே வாயாக இருக்க வேண்டும். பள்ளத்தில் கால் வைக்குமுன் மெக்கானிக் அத்தைக்குப் போன் செய்து "இறங்குறேன்" என்பார். அத்தை அவர் சாவியைச் சிவப்புப் பக்கம் மாட்டுவார். வேலை முடிந்ததும் "ஏறிட்டேன்" என்பார். கையெல்லாம் கிரீஸாக இருக்கும், கட்டடத்துக் காவலாளிதான் போனை அவர் காதில் பிடிப்பார். சாவி பச்சைக்கு வரும். பிறகு காவலாளி "போடலாமா?" என்று கேட்க, அத்தை "போடு" என்பார். அவர் "போடு" என்று சொல்லாமல் எங்கள் லிப்ட் எதுவும் அசைந்தது கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கட்டடங்களில் ஒன்றைக்கூட அத்தை பார்த்ததில்லை. போனை விட்டு எழுந்தால்தானே பார்ப்பதற்கு! அவருடைய ஊர் காதுக்குள் இருந்தது. "புறா கத்துது, ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி இருக்கிற கட்டடம்தானே?" என்பார். "அங்க இன்னும் தண்ணி சொட்டுதா? அந்தக் குழாயை ஒருத்தரும் பாக்கலையா?" என்பார். மெக்கானிக்குகளில் ஒருவரைப் பாட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். வேலை முடிந்தால் கிணற்று வாசலில் நின்று ஒரு வரி பாடிவிட்டுத்தான் "ஏறிட்டேம்மா" என்பார். கிணறு அந்த வரியை உச்சி வரைக்கும் தூக்கிப் போய்த் திரும்பக் கொண்டுவரும். அது முழுவதும் வந்து சேரும்வரை அத்தை ரிசீவரைக் கீழே வைக்கமாட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பின், மின்விசிறி மெதுவாகச் சுற்ற, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த முகத்தைப் பார்த்தால், இந்த மனுஷி தூங்குகிறாரா ஊர் சுற்றுகிறாரா என்று எனக்குச் சந்தேகம் வரும்.

அந்தக் காதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது.

அத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை. "லைன் சரியில்ல" என்பார். "இந்த விசிறி என்ன இரைச்சல் போடுது" என்பார். "இப்பல்லாம் எல்லாரும் வாய்க்குள்ளயே பேசறாங்க" என்பார். உலகத்தில் இருக்கும் அத்தனையையும் குறை சொல்வார், தன் காதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். ரிசீவரைக் கிட்டே கொண்டுபோனால் கீச்சென்று கத்தியது. கழற்றி டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார். எதிரே உட்கார்ந்து பேசினால் உதட்டைப் பார்த்து முக்கால்வாசி பிடித்துவிடுவார். போனுக்கு உதடு ஏது? நெட்டையன் என்று நாங்கள் கூப்பிடும் மெக்கானிக் ஒரே வாரத்தில் இரண்டு தடவை வடக்கே போக வேண்டியவர் தெற்கே போய் நின்றார். பாட்டுக்காரரின் பாட்டு முடிவதற்கு முன்பே அத்தை ரிசீவரை வைக்க ஆரம்பித்தார். எனக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது.

மாமா சாப்பாட்டு மேசையில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "இந்த மாசத்தோட போதும். போன்ல வேற ஒரு பொண்ணை உக்கார வைப்போம். நீ ரெஸ்ட் எடு." ஒவ்வொரு வார்த்தையாக, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னார்.

அத்தை தட்டிலிருந்து நிமிரவில்லை. "ரெஸ்ட் எடுத்துட்டு? சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கவா? என்னை அந்த நாற்காலியிலேருந்து எழுப்பிட்டா எனக்கு வேற என்ன இருக்கு?"

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் அத்தைக்கும் உப்பு கூடினால் சண்டை, குறைந்தால் சண்டை. ஆனால் ஒரு மனுஷியை அவர் இடத்திலிருந்து கிளப்புவதைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைய என்னால் முடியாது.

"அவங்க ஒண்ணும் எழுந்திரிக்க வேண்டாம் மாமா," என்றேன். "காதுல கேக்கறதைக் கண்ணுல பாக்கற மாதிரி நான் மாத்தித் தரேன்."

"எப்படி மாத்துவ?"

"எல்லார் கையிலயும் செல்போன் இருக்குல்ல? வேலை அதுலயே போகட்டும், அதுலயே வரட்டும். அத்தை பாத்து அனுப்பட்டும்."

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால் நான் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவள். இந்த வீட்டில் அந்தப் படிப்புக்கு இதுவரை டிவி ரிமோட்டைச் சரிசெய்யும் வேலைதான் கிடைத்திருந்தது. "சரி, மாசக் கடைசிக்குள்ள நடத்திக் காட்டு. இல்லேன்னா நான் சொன்னதுதான்," என்றார்.

நடத்தினேன். பழுதுபார்க்கும் கம்பெனிகளுக்கென்றே விற்கிற ஓர் ஆப்பை வாங்கி, எங்கள் சட்டத்துக்கு ஏற்றபடி மாற்றினேன். எங்கே, என்ன பழுது என்பது மெக்கானிக்கின் செல்போனுக்கு எழுத்தாகப் போகும். அவர் செல்போனில் இரண்டே பொத்தான்கள். சிவப்பு 'இறங்குகிறேன்', பச்சை 'ஏறிவிட்டேன்'. மேசைமேல் ஒரு பெரிய திரை வைத்தேன். திரையில் நகரத்தின் வரைபடம், அதில் ஆளுக்கொரு புள்ளி. உள்ளே இருந்தால் சிவப்பு, வெளியே வந்தால் பச்சை. காவலாளியின் செல்போனிலிருந்து 'போடலாமா?' என்று கேள்வி வரும். அத்தை 'போடலாம்' என்ற பொத்தானைத் தொட்டால் பதில் போய்விடும். காதுக்கு அதில் வேலையே கிடையாது.

பயிற்சி நாளன்று முன்னறை சந்தைக்கடையாக இருந்தது. நெட்டையன் செல்போனைச் சூடான பாத்திரத்தைப் பிடிப்பதுபோலத் துணியால் பிடித்தார். "கிரீஸ் கையால தொட்டா இது வேலை செய்யலையே," என்று மூக்கால் அழுத்திக் காட்டினார். என் வீட்டுக்காரரும் மெக்கானிக்தான், முதலாளி மகன் என்கிற பந்தா கிடையாது. அவரும் மூக்கால் அழுத்திப் பார்த்துவிட்டு, "மூக்குக்கும் ஒரு வேலை கிடைச்சுது" என்று சிரித்தார். பாட்டுக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல எங்க பாடறது?" என்றார்.

"கச்சேரிக்கா போறீங்க? பொத்தானை அழுத்துங்க, போதும்!" என்று சீறினேன். திரும்பத் திரும்பச் சொல்லியும் அவர்கள் மண்டையில் ஏறாத எரிச்சலில், செவிடன் காதில் ஊதின சங்கு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அத்தை என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அத்தை திரையை விரலால் தட்டிப் பார்த்தார். "மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம். இது உடைஞ்சா என்ன குடம்டி?"

"இது உடைஞ்சா மாமாவோட மண்டை உடையும், அத்தை."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பல மாதங்களாக நான் கேட்காத சிரிப்பு அது.

அதன் பிறகு வந்த மதியங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் சொக்கும். மழைக்காலம் அது. ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருக்கும். முன்னறையில் திரையின் வெளிச்சம் மட்டும் இருக்கும். நானும் அத்தையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் டீயோடு, புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்போம். புள்ளி நகருகிறதா நிற்கிறதா என்றே தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தால் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு தெரு தாண்டியிருக்கும். தன் காதுக்குள் இருந்த ஊரை அத்தை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தார்.

"இந்த நீலக் கோடு என்னடி?"

"ஆறு அத்தை."

"ஆறா? இவ்வளவு வளையுதா? இத்தனை வருஷம் ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலையே!" விரல் நுனியால் அந்த ஆற்றோடு போனார். ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்தார், அதன் பின்னால் புறாக்களின் கட்டடத்தைக் கண்டுபிடித்தார். "இவ்வளவு கிட்டவா இருக்கு? நான் எங்கயோ மலைமேல இருக்குன்னு நினைச்சேன்," என்றார். தன் மகனின் புள்ளி பாலத்தைத் தாண்டும்போது மட்டும், தாண்டி முடிக்கும்வரை டீயைக் குடிக்கமாட்டார்.

ஒரு நாள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தவர், "ரொம்ப அமைதியா இருக்குடி. ஊரே தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு," என்றார்.

"பிடிச்சிருக்கா அத்தை?"

"பிடிச்சிருக்கு. ஆனா யாரும் எங்கூடப் பேச மாட்டேங்கறாங்க."

அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாசக் கடைசி வந்தது, போனது. மாமா புதுப் பெண்ணைப் பற்றிய பேச்சை எடுக்கவில்லை. அத்தை நாற்காலியில் இருந்தார், வேலை தடங்கலின்றி நடந்தது, யாரும் தெற்கே போக வேண்டியவர் வடக்கே போகவில்லை. நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

எனக்குத் தெரியாமல் ஒன்று நடந்துகொண்டிருந்தது. பள்ளத்திலிருந்து ஏறி வரும்போது மெக்கானிக்கின் கையில் முழங்கை வரை கிரீஸ். செல்போனைத் தொட வேண்டுமென்றால் முதலில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், குழாய் எங்கே என்று தேட வேண்டும். அதற்குள் நாலு மாடிக்காரர்களும் சேர்ந்து கத்துவார்கள். முன்பெல்லாம் காவலாளி போனைக் காதில் பிடிப்பார், வாய் சுத்தமாக இருந்தால் போதும். இப்போது கை சுத்தமாக இருக்க வேண்டியிருந்தது. ஆகவே கை சுத்தமாக இருக்கும்போதே காரியத்தை முடித்துக்கொண்டார்கள். இறங்குமுன் சிவப்பை அழுத்துவது, கையோடு பச்சையையும் அழுத்துவது, செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்குவது. ஒருவர் செய்ததைப் பார்த்து மற்றவர். என் வீட்டுக்காரரும்தான். மெயின் சுவிட்ச் அணைத்துத்தானே இருக்கிறது, யார் போடப்போகிறார்கள் என்று ஆளாளுக்கு நினைத்தார்கள். அத்தையும் நானும் பச்சைப் புள்ளிகளைப் பார்த்து, நம் ஆட்கள் எவ்வளவு சுறுசுறுப்பு என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கும் மழை. மகனின் புள்ளி ஆற்றோரக் கட்டடத்தில் போய் நின்றது. சிவந்தது, பச்சையானது. நான் அப்போது பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் காவலாளியிடமிருந்து கேள்வி வந்தது: 'போடலாமா?' அத்தை புள்ளியைப் பார்த்தார். பச்சை. புன்னகையோடு விரலை நீட்டி 'போடலாம்' என்பதைத் தொட்டார். மழை பெய்துகொண்டே இருந்தது, நான் இன்னொரு பிஸ்கட் எடுத்தேன். எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

மாலையில் என் வீட்டுக்காரர் வந்தார். நேரே பின்பக்கம் போய்க் கை கழுவினார். நான் துண்டை எடுத்துக்கொண்டு போனேன். கழுவி முடித்த கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். முதுகில் சட்டை முழுக்கச் சேறு.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அம்மாகிட்ட சொல்லாத." பிறகு சொன்னார். பள்ளத்தில் ஒரு நிறுத்துச் சுவிட்ச் உண்டு. அதை அமுக்கி வைத்தால் மேலே யார் என்ன செய்தாலும் லிப்ட் கூண்டு அசையாது. அன்றைக்குப் பழுது என்று அவர் கழற்றிக்கொண்டிருந்ததே அந்தச் சுவிட்சைத்தான். அது இல்லாமலும் லிப்ட் ஓடும்படி வயரைத் தற்காலிகமாக இணைத்துவைத்திருந்தார். திறந்துவைத்த கிணற்றுக் கதவை எந்த நல்ல பிள்ளையோ சாத்திவிட்டுப் போயிருக்கிறது. சாத்திய கதவைப் பார்த்த காவலாளி, வேலை முடிந்தது என்று நினைத்துக் கேட்டிருக்கிறார். தலைக்கு மேலே கயிறு அசைந்தபோதுதான் இவருக்குப் புரிந்தது. கூண்டு இறங்கி வந்தது. பள்ளத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டாராம். மூக்குக்கு மேலே ஒரு முழத்தில் வந்து நின்றதாம். கூண்டுக்குள் இருந்த பெண்மணி காலுக்கு அடியில் யாரோ கத்துவதைக் கேட்டு ஊரைக் கூட்டியிருக்கிறார்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. விடு," என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்தேன். அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதை எழுத்தில் எழுத முடியாது. "ரெண்டையும் ஒண்ணா அழுத்துவீங்களா? அதுக்கா உங்களுக்கு ரெண்டு பொத்தான் வெச்சேன்? உங்களுக்கெல்லாம் மூளை இருக்கா இல்லையா?" என்று கத்தினேன். இரண்டையும் அடுத்தடுத்து அழுத்த முடிகிற மாதிரி வைத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே செத்திருப்பேன்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகுமுன் எல்லோரையும் முன்னறையில் நிற்க வைத்துக் கிழித்தேன். அத்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் உதடு அவருக்குத் தெரியாதபடிதான் நின்றேன். ஆனால் நெட்டையன் அவருக்கு எதிரே நின்றார். அந்த மனிதர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா?

"நாங்க அழுத்தினது தப்புதான். ஆனா அம்மா போடச் சொல்லுவாங்கன்னு யாருக்குத் தெரியும்? அவன் உள்ள இருக்கும்போது..."

அத்தை அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் மகனைப் பார்த்தார். அவர் தலை குனிந்துகொண்டார். அத்தை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எழுந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போனார்.

நான் பின்னாலேயே ஓடினேன். சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் மண்டியிட்டு, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று மெதுவாகச் சொன்னேன். "அத்தை, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. பச்சை காட்டுச்சு, நீங்க போடச் சொன்னீங்க. தப்பு அவங்க மேல. தப்பு என் மேல."

"விரல் யாருது?" என்று கேட்டார்.

அவர் அந்த விரலை மடியில் வைத்து, மற்றக் கையால் மூடிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அந்த நாற்காலிக்கு அவர் வரவில்லை. மாமா கூப்பிட்டார். எழுந்து போ என்று சொன்ன அதே மாமா, இப்போது வந்து உட்கார் என்று கெஞ்சினார். "எனக்கு அந்த வேலை வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். முன்னறைப் பக்கமே வருவதில்லை. சாப்பிடும்போது மகனின் முகத்தைப் பார்ப்பதில்லை, அவர் தட்டை மட்டும் பார்த்துப் பரிமாறுவார். வீட்டுக்குள் ஒரு மனுஷி நடமாடுகிறார், ஆனால் அவர் ஊரை விட்டே போய்விட்டார் என்று எனக்குத் தோன்றும்.

நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். பச்சை, சிவப்பு எதையும் நம்பக்கூடாது என்று முதல் வேலையாக அந்த இரண்டு பொத்தான்களையும் தூக்கி எறிந்தேன். அதற்குப் பதிலாக, இறங்குமுன் மெக்கானிக் வீடியோவில் கூப்பிட வேண்டும். செல்போனைக் கிணற்று வாசலைப் பார்க்கும்படி காவலாளியின் நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு இறங்க வேண்டும். ஏறி வந்ததும் கிரீஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முகத்தைக் காட்டினால் போதும். முகத்தைப் பார்க்காமல் யாரும் 'போடலாம்' என்று சொல்லக்கூடாது. நெட்டையன் கூட "இது சரி" என்றார். ஆனால் எனக்கு அந்த நாற்காலியில் பயமாக இருந்தது. அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் சொருகும், திடுக்கிட்டு விழிப்பேன். இத்தனை வருஷம் இந்த மனுஷி இதை எப்படிச் சுமந்தார் என்று நினைத்துக்கொள்வேன். மாமா மறுபடியும் புதுப் பெண்ணைத் தேட ஆரம்பித்தார்.

ஒரு பிற்பகல், நகரத்தின் மறுகோடியில் ஓர் உயரமான கட்டடத்தில் லிப்ட் நின்றது. என் வீட்டுக்காரர் போனார். வீடியோவில் கூப்பிட்டார். பின்னால் ஒரு கும்பல் நிற்பது தெரிந்தது. கையில் பைகளோடு, குழந்தைகளோடு, எல்லோர் முகத்திலும் எரிச்சல்.

"இறங்குங்க, பாத்துட்டு இருக்கேன்," என்றேன்.

"நீ வேண்டாம். அம்மாவைக் கூப்பிடு."

"வர மாட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

"அப்ப நானும் இறங்க மாட்டேன்." சொல்லிவிட்டு அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் ஒருவர் "என்னப்பா இது, வேலை செய்ய வந்தியா தவம் பண்ண வந்தியா?" என்று கேட்டார். மாமா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "டேய், பைத்தியமாடா உனக்கு? இறங்குடா!" என்று கத்தினார். இவர் அசையவில்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் பிடிவாதம் ஒரே அச்சு.

வீடியோவை என் செல்போனுக்கு மாற்றி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அத்தை பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். செல்போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் சுற்றிப் போய் அந்தப் பக்கம் நீட்டினேன். இந்தப் பக்கம் திரும்பினார். நான் இந்தப் பக்கம் வந்தேன். மாமியாரும் மருமகளும் அந்தச் சின்னச் சமையலறையில் கண்ணாமூச்சி ஆடினோம். கடைசியில் அவர் கண் திரையில் விழுந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக, உதடு தெரியும்படி பேசினார். "அம்மா. நீ சொன்னாத்தான் இறங்குவேன்."

"என் சொல்லை நம்பாதடா," என்றார் அத்தை. துணி கையிலிருந்து விழுந்தது. "நம்பினதுக்கு உனக்கு என்ன பண்ணேன்னு தெரியும்ல?"

"அப்ப சொல்ல வேண்டாம். பாத்துட்டு மட்டும் இரு."

அத்தை குனிந்து துணியை எடுத்து மேடைமேல் போட்டார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு நடந்தார். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டார். மேசைமேல் வைத்த இடத்திலேயே இருந்த கண்ணாடியை நான் எடுத்துக் கொடுத்தேன். பெரிய திரையில் மகனின் முகம் வந்தது. அத்தை அதைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

என் வீட்டுக்காரர் செல்போனைச் சாய்த்து வைத்துவிட்டு இறங்கினார். திரையில் இப்போது வெறும் கிணற்று வாசல். இருட்டான ஒரு நீள்சதுரம், அதன் ஓரத்தில் ஒரு பை. யாருடைய கால்களோ குறுக்கே போயின. ஒரு குழந்தை வந்து திரைக்குள் எட்டிப் பார்த்து, நாக்கை நீட்டிவிட்டு ஓடியது. அத்தை அசையவில்லை. அவர் விரல்கள் மேசையின் விளிம்பைப் பற்றியிருந்தன, நுனிகள் வெளுத்திருந்தன. நான் அவர் பக்கத்தில் நின்றேன், மாமா வாசலில் நின்றார். அந்த இருட்டை நாங்கள் மூன்று பேரும் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று எனக்குத் தெரியாது. டீ போட்டு வைத்திருந்தேன், அது ஆறிப்போயிருந்தது.

இருட்டிலிருந்து முதலில் ஒரு கை வந்தது. பிறகு தலை. பிறகு முழு ஆள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, கன்னமெல்லாம் கிரீஸோடு, திரை முழுக்கத் தன் முகத்தைக் காட்டினார்.

"ஏறிட்டேம்மா."

அத்தையின் வாய் கோணியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. கையை நீட்டித் திரையில் அந்தக் கன்னத்தைத் தொட்டார், கிரீஸைத் துடைக்கப் போகிறவர் போல.

"போடச் சொல்லும்மா," என்றார் மகன்.

"இருடா. கொஞ்ச நேரம் அப்படியே நில்லு. உன்னைப் பாத்துக்கறேன்."

"அம்மா, ஆளுங்க எல்லாம் பின்னாடி கத்தறாங்கம்மா."

"கத்தட்டும்டா," என்றார் அத்தை, கண்ணை எடுக்காமல். "எனக்குத்தான் காது கேக்காதே."